குறை சொல்லாதவர்கள்

கோமதிநாயகம் அண்ணாச்சி வீட்டுப் பெட்டி சிவப்பு காட்டுகிறது என்று இதய மையத்திலிருந்து தகவல் வந்தபோது, செண்பகவல்லிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மனிதர் பல வருஷம் தவம் கிடந்து வாங்கிய வரம் போல இருந்தது அது. காலையில் எழுந்தால் முட்டிவலி, மத்தியானம் வாய்வு, சாயங்காலம் மருமகன். குறை கேட்க ஆள் கிடைக்காத நாளில் தெருநாயைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லுவார் என்று கோவில்பட்டி கடலைமிட்டாய்க் கடைக்காரர்கள் மத்தியில் அவருக்குப் பேர். அப்படிப்பட்டவர் நெஞ்சில் நிஜமாகவே கோளாறு என்றால், இனி அவரைக் கையில் பிடிக்க முடியாது.

சிரித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது. அந்த வட்டாரத்தில் எந்தப் பெட்டியும் அதுவரை சிவந்ததில்லை.

சின்ன வயதில் மூட்டுக்காய்ச்சல் வந்து இதயம் கெட்டுப்போனவர்கள் அந்தப் பக்கம் நிறைய. அவர்களுக்கெல்லாம் அரசுத் திட்டத்தில் செயற்கை வால்வு வைத்திருந்தார்கள். பழைய வால்வுகள் மாதிரி வைத்த இடத்தில் மரக்கட்டையாக உட்கார்ந்திருப்பதல்ல இது. ஆளுக்குத் தக்கபடி தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் வால்வு என்று சொன்னார்கள். அதற்குத் துணையாக வீட்டில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. சாமி படத்துக்குப் பக்கத்திலோ ஃபிரிட்ஜ் தலையிலோ இருந்துகொண்டு, தினமும் காலையில் அது ஒரே ஒரு கேள்வி கேட்கும். கிடைத்த பதிலை நெஞ்சுக்குள் இருக்கும் வால்வுக்குச் சொல்லும். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை விளக்கு.

அந்தக் கேள்வியைக் கேட்கும் குரல் செண்பகவல்லியுடையது. முதலில் பெட்டி, "வணக்கம், தங்கள் உடல்நிலை எவ்வாறு உள்ளது?" என்று செய்தி வாசிக்கிற தமிழில் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. யாரையோ கேட்கிறது என்று நினைத்து எழுந்து போய்விட்டார்கள். கம்பெனிக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்ப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த செண்பகவல்லியை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். அவள் இயல்பாக, பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்பது போல, "நல்லா இருக்கீகளா?" என்றாள். மறுநாளிலிருந்து அத்தனை வீட்டிலும் பதில் வந்தது. "நல்லா இருக்கேம்மா" என்றார்கள். பாதிப் பேர், "நீ நல்லா இருக்கியாத்தா?" என்று பெட்டியைத் திருப்பியும் கேட்டார்கள்.

கம்பெனிக்கு ஒரே சந்தோஷம். நம் ஊரில் அது கேள்வியே இல்லை என்பதை அவர்களுக்கு எடுத்துச்சொல்ல ஆளில்லை. மூக்கில் குழாய் செருகிக் கிடப்பவரைப் பார்க்கப் போனாலும், "நல்லா இருக்கேன், நீங்க சாப்பிட்டீகளா?" என்றுதான் சொல்லுவார். இல்லை என்று சொன்னால், கேட்டவரை வாசலோடு திருப்பி அனுப்பின மாதிரி. கோமதிநாயகம் அண்ணாச்சி ஒருவர்தான் விதிவிலக்கு. பெட்டி கேட்டு முடிப்பதற்குள், "என்னத்த நல்லா இருக்க?" என்று ஆரம்பித்தால் அரைமணி நேரம் ஓடும்.

ஓட்டுநர் இல்லாத ஆட்டோவில் அவரை ஏற்றிக்கொண்டு இதய மையத்துக்குப் போனாள். வழி முழுக்க, ஆட்டோ குலுக்குகிறது, திட்டுவதற்குக்கூட ஒரு டிரைவர் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டே வந்தார். டாக்டர் எப்சிபா அவரைப் படுக்கவைத்து, நெஞ்சில் பசையைத் தடவி ஸ்கேன் கருவியை ஓட்டினார். நாசரேத்துக்காரர், நிதானமான மனுஷி. எதற்கும் முகம் மாறாது. அன்றைக்கு மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் திரையையே பார்த்தார்.

"அண்ணாச்சி, உங்க வால்வுல ஒண்ணும் இல்லையே. வச்ச அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு. ஒரு பொட்டு ஒழுக்கு இல்ல."

"அப்ப செவப்பு எதுக்கு எரியுதாம்? கண்ணு அவிஞ்சா போச்சு அதுக்கு?"

"அதான் எனக்கும் புரியல. ஒருவேளை என் மெஷின்லதான் கோளாறோ என்னவோ." டாக்டர் செண்பகவல்லியைப் பார்த்தார். "நல்லா இருக்கிற ஒருத்தரை வச்சு ஒப்பிட்டுப் பாத்தா தெரிஞ்சிடும். பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

செண்பகவல்லி சட்டென்று சொன்னாள். "எங்க வீட்டுக்காரரையே வரச்சொல்லுதேன் டாக்டர். இதே வால்வுதான். வச்ச நாள்ல இருந்து பச்சை மாறினதே கிடையாது." சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஆவுடையப்பன் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்தார். விளையாட்டு வாத்தியார். கழுத்தில் விசில் தொங்கியது. தொங்கியதே தவிர, இப்போதெல்லாம் அவர் அதை ஊதுவதில்லை. கையைத் தட்டித்தான் பிள்ளைகளைக் கூப்பிடுவார். கேட்டால், விசிலுக்கு இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் மரியாதை இல்லை என்பார். செண்பகவல்லியும் அதை நம்பியிருந்தாள்.

கருவியை நெஞ்சில் வைத்ததுமே டாக்டரின் கை நின்றுவிட்டது. திரையில், முன்னால் போகவேண்டிய ரத்தம் வால்வின் ஓரமாகப் பீறிட்டுக்கொண்டு பின்னால் வந்தது. இதயம் ஊதிப்போய், சுருங்கி விரியத் திணறிக்கொண்டிருந்தது. படிக்காதவர்களுக்கே புரிகிற படம்.

"சார், தூங்கும்போது எத்தனை தலையணை வைக்கிறீங்க?"

ஆவுடையப்பன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "மூணு. கழுத்துவலிக்காக."

"கழுத்துவலியா, படுத்தா மூச்சு முட்டுதா?"

அவர் விசிலைக் கையில் பிடித்து உருட்டினார்.

"சிறுநீர் என்ன நிறத்துல போகுது?"

"கட்டங்காப்பி மாதிரி, கருப்பா." குரல் உள்ளே போய்விட்டது. "பொங்கல்ல இருந்து அப்படித்தான். பள்ளிக்கூடத்துலயே போயிட்டு வந்திருவேன். வீட்டுல போறதில்ல."

"வால்வு ஓரமா இருக்கிற சின்ன இடுக்குல ரத்தம் வேகமா மோதி, சிவப்பணுவெல்லாம் உடையுது சார். அந்த நிறம்தான் அது. கண்ணு மஞ்சளா இருக்கு, காலு வீங்கியிருக்கு. இவ்வளவு இருந்தும் காலையில பெட்டி கேக்கும்போது என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்கேன்னுதான்."

"ஏன்?"

விளையாட்டு வாத்தியார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "காலங்காத்தால இவ குரல்ல கேக்குது டாக்டர். இல்லன்னு எப்படிச் சொல்ல?"

அண்ணாச்சி வெளியே உட்கார்ந்து காப்பி ஆறிப்போச்சு என்று யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

அந்த வாரம் முழுக்க டாக்டர் எப்சிபா, பச்சை விளக்கு எரிகிறவர்களை ஒவ்வொருவராக வரவழைத்துப் பார்த்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஒருவர் தவறாமல் எல்லோருக்கும் ஒழுகியது. சிலருக்குக் கொஞ்சம், பலருக்கு ஏராளம். பிறகு வால்வின் பழைய வரைபடங்களைத் தேடிப்பிடித்துப் படித்துவிட்டுச் செண்பகவல்லியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"கிணத்து மோட்டாருக்கு அடியில ஃபுட் வால்வு இருக்கும், பாத்திருக்கியா? அது ஒழுகினா மோட்டாரு எவ்வளவு ஓடினாலும் தண்ணி மேல ஏறாது. ஓடி ஓடி மோட்டாரே புகைஞ்சு போயிரும். உங்க சாருக்கு இப்ப அதான் நடக்குது."

"அது தெரியுது டாக்டர். எல்லாருக்கும் எப்படி ஒண்ணுபோல ஒழுகும்?"

"வால்வைச் சுத்தி ஒரு வளையம் இருக்கு. அதுக்குள்ள முடி மாதிரி ஒரு இழை ஓடுது. இழை சுருங்கினா வளையம் இறுகும், நெகிழ்ந்தா தளரும். ரொம்ப இறுக்கமா இருந்தா சதை நசுங்கிப் புண்ணாயிரும்னு, எவ்வளவு முடியுமோ அவ்வளவு தளர்வா இருக்கட்டும்னு செஞ்சிருக்காங்க. எதுவரைக்கும் தளரலாம்னு வால்வுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் அந்தக் கேள்வி. கொஞ்சம் தளர்த்திப் பாக்கும். மறுநாள் காலையில கேக்கும். ஆளு நல்லா இருக்கேன்னு சொன்னா, சரி, இன்னும் கொஞ்சம் தளர்த்தலாம்னு எடுத்துக்கும். முடியலன்னு சொன்னா நிறுத்திரும்."

"யாருமே முடியலன்னு சொல்லல."

"ஒருத்தரைத் தவிர. அவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அதனால அவரு வளையம் மட்டும் தளரவே இல்ல. பெட்டி மத்தவங்களோட ஒப்பிட்டுத்தான் நிறத்தைக் காட்டுது. ஊரே ஒருமாதிரி ஆனப்புறம், தனியா நிக்கிறவன்தானே கோளாறா தெரிவான்? அதான் சிவப்பு."

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது தெரிந்த பழமொழிதான். அழாத பிள்ளைகளைத் தேடித்தேடிப் பட்டினி போடும் ஒரு தாயைச் செய்து ஊர் முழுக்க நெஞ்சுக்குள் வைத்துவிட்டு, அதற்குத் தன் குரலையும் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"வால்வை மாத்திரலாம்லா டாக்டர்? அவருக்கு?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்தியிருக்கலாம். இப்ப இதயத்துல பலமே இல்ல. ஆபரேஷன் மேஜையிலயே போயிருவாரு. மாத்திரை குடுக்கேன், நீர் இறங்கும், கொஞ்சம் மூச்சு விடலாம். அவ்வளவுதான் செண்பகம். பலம் இருக்கிறவங்களை வரிசையில போட்டிருக்கேன். அவரு பேரை எழுத எனக்குக் கை வரல."

அவள் எழுந்து வெளியே வந்து, வாசல் படியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடிந்ததும், இனி செய்யக்கூடியது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. வளையம் தளர்ந்தமட்டும் தளர்ந்தாயிற்று, மேலே தளராமலாவது பார்க்கலாம். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான்.

அப்படித்தான் கிளம்பினாள். டாக்டரும் போய்வா என்றுதான் சொன்னார்.

சொல்வது சுலபமாக இல்லை. உள்ளே பெட்டி அவள் குரலில் கேட்கிறது, வாசலில் அவளே நின்றுகொண்டு அதற்கு மரியாதையாகப் பதில் சொல்லாதீர்கள் என்கிறாள். சிலர் சிரித்தார்கள். ரவிக்கை தைக்கிற மாடத்தி, திண்ணையில் இருந்த தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். செண்பகவல்லியைவிட இளையவள், உறவு இல்லாவிட்டாலும் மதினி முறை சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"அதெப்படி மதினி, விடிஞ்சதும் விடியாததுமா முடியலைன்னு சொல்லுதது? வீட்டுக்கு ஆகுமா?"

"உனக்கு முடியுதா முடியலையா? அதைச் சொல்லு முதல்ல."

மெஷின் நின்றது. மாடத்தி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "ரெண்டு மாசமா படுக்கவே இல்ல மதினி. உக்காந்தே விடியுது. மகளுக்குத் தெரிஞ்சா பயந்துருவான்னு சத்தமில்லாம உக்காந்திருப்பேன்."

"அதை அப்படியே பெட்டிகிட்டச் சொல்லு. எனக்காகச் சொல்லு." செண்பகவல்லி அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.

மறுநாள் காலை தன் வீட்டிலும் அதற்காகக் காத்திருந்தாள். பெட்டி கேட்டது. ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். முந்தின ராத்திரி அத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும், பழக்கம் முந்திக்கொண்டு, "நல்லா இருக்கேன்" என்று வந்து விழுந்தது. அவளுக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டம்ளர் எங்கே போய் விழுந்தது என்று தெரியவில்லை.

"உங்களுக்கு நான் யாருங்க? உசுரு போற நேரத்துலயும் மரியாதையா?"

"வாயில வந்துட்டு செண்பகம். நாளைக்குச் சொல்லிருதேன்."

"நாளைக்கு, நாளைக்கு! சாவும் நாளைக்கு வான்னா கேக்குமா?"

அப்படி அவள் கத்திக்கொண்டிருக்கும்போதுதான் மாடத்தியின் மகள் போனில் அழைத்தாள்.

போய்ப் பார்த்தபோது, பாதி தைத்த பச்சை ரவிக்கை மெஷினில் ஊசியோடு இருந்தது. மாடத்தியைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். மகள் அழக்கூட இல்லை, நடந்ததை ஒப்பிப்பது போலச் சொன்னாள். "காலையில அம்மா பெட்டிகிட்ட எல்லாத்தையும் சொன்னாங்க அத்தை. மூச்சு முட்டுது, காலு வீங்குது, தூக்கமில்லன்னு. சொல்லி முடிச்சதும் பெட்டி, 'சரி, நான் பாத்துக்கிடுதேன்'னு சொல்லுச்சு. உங்க குரல்லயே சொல்லுச்சு. அம்மா சிரிச்சாங்க. போய்த் தைக்க உக்காந்தாங்க. அப்பறம் நெஞ்சைப் பிடிச்சிட்டாங்க."

அந்த வாக்கியத்தையும் கண்ணாடி அறையில் பேசிக்கொடுத்தது செண்பகவல்லிக்கு ஞாபகம் வந்தது. அதுவரை எந்த வீட்டிலும் அதைச் சொல்லவேண்டிய தேவை பெட்டிக்கு வந்திருக்கவில்லை. அண்ணாச்சி வீட்டில் சொல்லியிருக்கும், அவர் பேச்சுச் சத்தத்தில் யார் காதில் விழுந்திருக்கும்?

டாக்டர் எப்சிபா மாடத்தியின் இதயத்தைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு வந்து செண்பகவல்லியின் எதிரில் உட்கார்ந்தார்.

"முடியலன்னு சொன்னா தளர்றது நின்னுரும்னு மட்டும்தான் நான் நினைச்சேன். அது நிக்கல. திருப்பி இறுக்குது. வருசக்கணக்கா தளர்ந்து, வால்வைத் தைச்ச இடமெல்லாம் சதை மெலிஞ்சு நைஞ்சு போயிருக்கு. அந்த இடத்துல இழை இறுகினா என்ன ஆகும்? அவிச்ச முட்டையை நூலு வச்சு அறுப்போம்லா, அந்த மாதிரி அறுத்திருக்கு." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நானும்தான் உன்னைப் போகச் சொன்னேன்."

"பெட்டியை அணைச்சிட்டா?"

"அணைச்சாலும் தப்பு. பதில் வரலைன்னா, ஆளு பேசமுடியாத நிலைமையில இருக்காருன்னு எடுத்துக்கும். எடுத்துக்கிட்டா இறுக்கும்."

"கம்பெனிக்காரங்ககிட்டச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்க டாக்டர். அவங்க நெனச்சா நிறுத்தலாம்லா?"

டாக்டர் ஏற்கெனவே சொல்லிப் பார்த்திருந்தார். வால்வு செய்த கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கி, அதை வேறொன்று வாங்கி, இப்போது அது எந்த நாட்டில் யார் கையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆள் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதினால், உங்கள் கருத்துக்கு நன்றி என்று உடனே பதில் வருகிறது. தலைநகரத்துத் துறைக்கு எழுதினார். எல்லாப் பெட்டியும் பச்சையாக இருக்கும்போது அவசரம் என்ன என்று கேட்டு எழுதியிருந்தார்கள்.

"அப்ப என்னதான் செய்ய?"

"ஆபரேஷன் வரிசையில இருக்கிறவங்களுக்கு முறை வர்ற வரைக்கும், வரிசையில இல்லாதவங்க கடைசி வரைக்கும், தினமும் நல்லா இருக்கேன்னு சொல்லணும். சொல்லச் சொல்லத் தளரும். தளர்ந்தா சாவு மெதுவா வரும். இறுகினா அன்னிக்கே."

அதனால் செண்பகவல்லி மறுபடியும் வீடு வீடாகப் போனாள். முந்தாநாள் உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சிய வாயாலேயே, பொய்யைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். உங்கள் வீட்டுக்குள் முனகக்கூடாது, அம்மா அப்பா என்று அரற்றக்கூடாது, பெட்டிக்கு நாள் முழுக்கக் காது உண்டு என்றாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். மாடத்தியின் தெருவில் ஒரு பெண் மண்ணை அள்ளித் தூற்றினாள். செண்பகவல்லி தலையைக்கூடத் தட்டிவிடாமல் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

கடைசியாகக் கோமதிநாயகம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனபோது, அவர் பெட்டிக்கு எதிரில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். விளக்கு பச்சையாக இருந்தது. அவரைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, என்ன சொன்னீக அதுகிட்ட?"

"நல்லா இருக்கேன்னு சொன்னேன் தாயி. ரெண்டு நாளா அதான் சொல்லுதேன்."

"உங்க வால்வு ஒழுகல, நீங்க அப்படிச் சொல்லக்கூடாதுன்னு தெரியாதா? நீங்க ஒருத்தராவது..."

"மாடத்தி எழவுக்குப் போயிருந்தேன்." என்றார் கிழவர். "அந்தப் பிள்ளை மொகத்தைப் பாத்துட்டு வந்து, முட்டிவலிக்குன்னு எப்படித்தா சொல்ல? உன் புருசனைப் பாக்கேன், தெருவுல அத்தனை பேரைப் பாக்கேன். எனக்கு என்ன கொறை இருக்கு? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்லா? வாய் வர மாட்டேங்கு."

அவள் திட்டினாள், காலைப் பிடித்தாள், பழையபடி மருமகனைப் பற்றியாவது ஏசுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். பார்க்கலாம் தாயி என்றார். அவர் ஏசப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் ஒழுகாமல் இருந்த ஒரே வால்வும் இனி தளரத் தொடங்கும். அதைத் தடுக்க அவளிடம் எந்த வழியும் இல்லை.

சித்திரை பிறப்பதற்குள் ஆவுடையப்பனுக்குப் பேச்சே பாரமாகிவிட்டது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு இளைத்தது. காலையில் பெட்டி கேட்டதும், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சைச் சேர்த்து வைத்துப் பதில் சொன்னார். சொல்லி முடித்ததும் கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் சொல்ல முடியாமல் போகும் என்பதை இருவரும் நினைத்தார்கள். வீட்டுக்குள் அதைப் பேச முடியாது. அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார். *கிரவுண்டுக்குப் போவோம். போனை எடுத்துக்கோ.*

ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூட மைதானத்தில் ஒருவரும் இல்லை. பார்வையாளர் படிக்கட்டில், வேப்பமர நிழல் விழுந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"நான் பேச முடியாமப் போனாலும்," என்று நிறுத்தி மூச்சு வாங்கினார். "என் குரலு பேசட்டும். பதிவு செஞ்சு வச்சுக்கோ. பெட்டி கேட்டா, நீ போட்டுவிடு. ஒரே மாதிரி இருந்தா கண்டுபிடிச்சிரும். பலவிதமா சொல்லுதேன்."

அவள் மாட்டேன் என்றாள். பிறகு, இன்னும் சில நாள் அவர் கூட இருப்பதற்கு வேறு என்ன வழி என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. போனை இருவருக்கும் நடுவில் படியில் வைத்தாள்.

"நீ கேளு. கேட்டாத்தான் எனக்கு வரும்."

"நல்லா இருக்கீகளா?"

"நல்லா இருக்கேன்."

தூக்கக்கலக்கத்தில் சொல்கிற மாதிரி ஒன்று. அவசரமாகப் பள்ளிக்கூடம் கிளம்புகிற மாதிரி ஒன்று. சலித்துக்கொண்டு ஒன்று. பொங்கலன்று சொல்கிற மாதிரி சிரித்துக்கொண்டு ஒன்று. நடுநடுவே இளைப்பு அடங்கும்வரை அவர் முதுகை நீவிவிட்டாள். கல்யாணமான புதிதில் பெண்வீட்டு விருந்துக்குப் போனபோது சொன்ன மாதிரி ஒன்று சொல்லிக்காட்டினார், அதில் அவள் அப்பாவின் முன்னால் இருந்த பயம்கூட அப்படியே வந்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

"போதும்ங்க. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

"இன்னும் ஒண்ணு. கேளு."

"நல்லா இருக்கீகளா?"

அவர் வெயில் ஏறிய மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"இல்ல செண்பகம். நல்லா இல்ல. ரொம்ப பயமா இருக்கு. உன்னை விட்டுட்டுப் போக எனக்கு மனசில்ல."

அவர் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவர் இன்னும் என்னென்னவோ சொன்னார். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, எந்தெந்த நாள் அவளிடம் மறைத்தார், மாடியேறும்போது என்ன நினைப்பார், எல்லாவற்றையும் மூச்சு விட்டுவிட்டுச் சொன்னார். போன் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அதை நிறுத்தவில்லை.

வெயில் படிக்கட்டுக்கு வந்ததும் அவரை மெல்ல எழுப்பி ஆட்டோவில் உட்காரவைத்தாள். மறந்துவிட்ட தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் படிக்கட்டுக்குத் திரும்பி வந்தாள். போனில் பதிவுகள் வரிசையாக இருந்தன. கடைசிப் பதிவுதான் எல்லாவற்றிலும் நீளம்.

அதைத் தனியாக எங்காவது எடுத்து வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். வைத்தால், என்றைக்காவது ஒருநாள் கேட்கத் தோன்றும். அவர் பக்கத்து அறையில் பேச்சில்லாமல் கிடக்கும் நாளில் நிச்சயமாகத் தோன்றும். அவள் கேட்டால் பெட்டியும் கேட்கும். கேட்டுவிட்டு, சரி, நான் பாத்துக்கிடுதேன் என்று சொல்லும்.

நல்லா இருக்கேன் என்ற பதிவுகளை எல்லாம் விட்டுவிட்டு, அந்த ஒன்றை மட்டும் அழித்தாள். நிச்சயமாக அழிக்கவா என்று போன் கேட்டது. ஆமாம் என்று தொட்டுவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்தாள்.